ஆசையே அதிகாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமானுடைய திருநாளை ஸேவிக்க வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் வந்து கூடியிருக்கிறீர்கள். திருவீதிப் புறப்பாட்டில் எம்பெருமானுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டி செல்வதையும், பின்னே வேதபாராயண கோஷ்டி வருவதையும் கண்டிருப்பீர்கள். அக்கோஷ்டிகளில் தலை நரைத்த பெரியோரும் உண்டு; மீசை அரும்பாத பாலகரும் உண்டு. ஏடு பாராமல், இடறாமல், ஒரே குரலாக அவர்கள் ஸேவித்துச் செல்வதைக் கேட்டு, “நமக்கும் இது வருமா? இதன் பொருளை நாமும் அறிய முடியுமா?” என்ற எண்ணம் உங்களில் ஒருவருக்கேனும் எழுந்திருக்கக் கூடும். பெரும்பாலோர் அவ்வெண்ணத்தைத் தீர்த்தம், சடாரி பெற்றுக்கொண்ட கையோடு ஸந்நிதி வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். விட்டுவிட்டுப் போகத் தகாத அந்த எண்ணத்தைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

கல்விக்கு வேண்டியவை யாவை என்று கேட்டால், நல்ல ஆசிரியர், நல்ல நூல், கூர்மையான புத்தி, இளம் பிராயம், கொஞ்சம் பொருள் வசதி என்று அடுக்கிச் சொல்வோம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் இவை யாவும் இருந்தும் கல்லாதவர் உண்டு. இவற்றில் ஒன்றும் இல்லாமலே கற்றவரும் உண்டு. ஆகையால் இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்க வேண்டியது வேறொன்று உளது. அதுவே கற்க வேண்டும் என்று கற்பவன் நெஞ்சிலே தானாக எழும் ஆசை. பிறர் தூண்டாமல் தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் அந்த ஆசையையே நம் முன்னோர் அதிகாரமாக, அதாவது தகுதியாகக் கொண்டார்கள்.

சொல்லுக்குள் இருக்கும் ஆசை

ஸம்ஸ்க்ருத இலக்கணத்தில் ‘ஸன்’ என்றொரு ப்ரத்யயம் உண்டு. ஒரு வினையோடு அது சேர்ந்தால், அவ்வினையைச் செய்ய விரும்புதல் என்னும் பொருள் உண்டாகும். அறிதல் என்னும் தாதுவோடு சேர்ந்தால் ‘ஜிஜ்ஞாஸா’, அதாவது அறிய விருப்பம். விடுபடுதல் என்னும் தாதுவோடு சேர்ந்து வருவது ‘முமுக்ஷு’, அதாவது விடுபட விரும்புகிறவன். கேட்டல் என்னும் தாதுவோடு சேர்ந்தால் ‘சுச்ரூஷா’, அதாவது கேட்க விருப்பம். இன்று சுச்ரூஷை என்றால் பணிவிடை என்றே கொள்கிறோம். சொல்லின் முதற்பொருள் கேட்கும் ஆசையே. ஆசார்யன் திருவாயிலிருந்து எப்போது ஒரு நல்ல வார்த்தை பிறக்கும் என்று காத்திருப்பவன் அவரை விட்டு அகலமாட்டான். அகலாதவன் தண்ணீர் கொணர்வான், விசிறுவான், கால் பிடிப்பான். ஆகவே கேட்கும் ஆசைக்கு இட்ட பெயர் பணிவிடைக்கும் ஆயிற்று என்று கொள்வது பொருத்தமாகும்.

வேதவ்யாஸரும் ப்ரஹ்மஸூத்ரத்தைத் தொடங்கும்போது ப்ரஹ்மம் இத்தகையது என்று தொடங்கவில்லை. அந்த இலக்கணம் இரண்டாம் ஸூத்ரத்தில்தான் வருகிறது. முதல் ஸூத்ரத்தில் அவர் வைத்தது ப்ரஹ்மத்தை அறிய வேண்டும் என்னும் விருப்பத்தை. விருப்பம் பிறந்த பின்னரே விஷயம்.

கேட்ட பின்பே கீதை

கண்ணபிரானும் அர்ஜுனனும் நெடுங்காலத் தோழர்கள். ஒன்றாக உண்டவர்கள், ஒன்றாகப் பயணம் செய்தவர்கள். காண்டவ வனத்திலும் உடனிருந்தார்கள், இந்த்ரப்ரஸ்தத்திலும் உடனிருந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது கண்ணன் அவனை உட்கார வைத்து கீதையைச் சொன்னதாக பாரதத்தில் இல்லை. சொல்லத் தெரியாமலா இருந்தான்? அருகில் இருந்தவனுக்கு அவ்வாசை பிறக்கவில்லை. குருக்ஷேத்ரத்தில் வில் நழுவி, எது தர்மம் என்று தெரியாமல் கலங்கி, தான் சீடன் என்றும் தனக்குச் சொல்லித் தர வேண்டும் என்றும் அர்ஜுனன் சரணடைந்த பிறகே உபதேசம் தொடங்கிற்று.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத் தக்கது. பதினெட்டாம் அத்யாயத்தின் முடிவை நெருங்கும்போது, தான் சொன்னவற்றையெல்லாம் ஒன்று விடாமல் ஆராய்ந்து பார்த்து, பிறகு அவன் விரும்பியபடி செய்யுமாறு அர்ஜுனனிடமே பொறுப்பை விட்டுவிடுகிறான் எம்பெருமான். ஸர்வ சக்தனான அவனே சீடனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆறாம் அத்யாயத்தில், ஒருவன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும், தாழ்த்திக்கொள்ளலாகாது என்றும், தனக்குத் தானே உறவு, தனக்குத் தானே பகை என்றும் அவன் உபதேசித்த கருத்தும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது.

பத்துப் பாசுரம் கேட்டவர்

இன்று நாம் நாலாயிரம் என்று பெருமையோடு சொல்லும் திவ்யப்ரபந்தம் ஒரு காலத்தில் வழக்கற்று மறைந்து கிடந்தது. அது மீண்டு வந்த வரலாறு நம் குருபரம்பரை நூல்களில் உள்ளது, பலரும் கேட்டதே. ஆயினும் அதில் ஓரிடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் ஸ்ரீமந்நாதமுனிகள் எழுந்தருளியிருந்தார். ஒரு நாள் யாத்ரீகர் சிலர் மன்னனாரை ஸேவிக்க வந்து, குடந்தை ஆராவமுதன் விஷயமான நம்மாழ்வார் பாசுரங்களை விண்ணப்பித்தார்கள். அதன் நிகமனப் பாசுரத்தில், ஆயிரம் பாசுரங்களில் இவை பத்து என்னும் குறிப்பு இருக்கிறது. நாதமுனிகள் திடுக்கிட்டார். இவை பத்தென்றால் மற்றவை எங்கே என்று அவர்களைக் கேட்டார். தங்களுக்கு இவ்வளவே தெரியும் என்றார்கள் அவர்கள்.

அன்பர்களே, அந்த யாத்ரீகர்களும் பக்தர்களே. பாசுரத்தை மனப்பாடமாக அறிந்தவர்களே. ஆயிரம் என்ற சொல்லை எத்தனை முறை வாயால் சொல்லியிருப்பார்கள்! சொன்னவர்களுக்கு எழாத கேள்வி, கேட்ட ஒருவருக்கு எழுந்தது. அவரைப் போய்த் தேடு என்று ஏவினவர் எவருமில்லை. குடந்தைக்குச் சென்றார்; அங்கும் அந்தப் பத்துக்கு மேல் கிடைக்கவில்லை. திருக்குருகூர் வரை சென்றார். அங்கே மதுரகவியாழ்வார் அருளிச்செய்த கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே எஞ்சியிருந்தது. பதினோரு பாசுரங்கள் கொண்ட அப்ரபந்தத்தை நம்மாழ்வார் திருமுன்பே 12,000 முறை அநுஸந்தித்தார். ஆழ்வார் ப்ரத்யக்ஷமாகி நாலாயிரத்தையும் அருளினார் என்பது வரலாறு. பின்னர் அவர் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரைக் கொண்டு அவற்றை இசையோடு பரவச் செய்தார்.

நேற்று இவ்வீதியில் நீங்கள் கேட்ட கோஷ்டியின் குரலுக்கு ஆதியில் இருப்பது அந்த ஒரு கேள்வி. இனி ஒருமுறை கோயிலில் பாசுரம் கேட்கும்போது, சொற்கள் காதைக் கடந்து போகாமல் ஓரிடத்திலாவது மனம் நின்று “இது என்ன?” என்று கேட்கட்டும். கல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பதினெட்டு முறை நடந்த பாதை

ஸ்ரீபாஷ்யகாரரின் சரித்திரத்தில் திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெற்ற கட்டம் அனைவரும் அறிந்ததே. பெரிய நம்பியின் நியமனப்படி ராமாநுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு நடந்து சென்றார். நம்பி உடனே அருளவில்லை, திருப்பி அனுப்பினார். மறுபடியும் சென்றார், மறுபடியும் திருப்பினார். இவ்வாறு 18 முறை நடந்த பின்பே அவருக்கு அர்த்தம் கிடைத்தது. இவ்விரண்டு தலங்களுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு உண்டு. போகவும் வரவும் 200 என்று கொண்டால், 18 முறைக்கு 3,600 கிலோமீட்டர். இன்று பஸ்ஸில் சில மணி நேரத்தில் கடக்கும் வழி அது. அன்று காடும் மேடும் வெயிலும்.

தூரத்தை விடப் பெரிதாக எண்ண வேண்டியது ஒன்றுண்டு. அப்போது ராமாநுஜர் ஒன்றும் தெரியாத இளம் மாணாக்கர் அல்லர். துறவறம் பூண்டு, திருவரங்கம் பெரியகோயிலின் நிர்வாகத்தை ஏற்று, சீடர்கள் சூழ எழுந்தருளியிருந்தவர். ‘உமக்கு இது தெரியுமா?’ என்று அவரைக் கேட்கும் துணிவு எவருக்கும் இருந்திராது. தமக்குத் தெரிந்தது போதும் என்று அவர் இருந்திருந்தால் உலகம் அதை ஒரு குறையாகவே கண்டிராது. தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதை அவர் மட்டுமே அறிந்திருந்தார். அந்த அறிவு அவரை நடத்திற்று. பதினேழாம் முறை வெறுங்கையோடு திரும்பி வந்தவரைப் பதினெட்டாம் முறை புறப்படச் செய்தது வேறெந்த வெளித் தூண்டுதலும் அன்று.

அத்தோடும் அவர் நிற்கவில்லை. திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டார். திருவரங்கப்பெருமாள் அரையருக்குப் பால் காய்ச்சியும் மஞ்சள் காப்பு அரைத்தும் ஆறு மாத காலம் கைங்கர்யம் செய்து உயர்ந்த அர்த்தம் பெற்றார். பெரிய திருமலை நம்பியிடம் ஓராண்டு ஸ்ரீராமாயணம் கேட்டார். பெரிய நம்பியையும் திருக்கோட்டியூர் நம்பியையும் சேர்த்து ஆசார்யர்கள் ஐவர். ஒருவர் சொன்னது போதாமையால் அன்று. ஒவ்வொருவரிடமும் உள்ள தனிச் செல்வத்தை அறிந்து நாடினார்.

இனி, அவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை அவர் என்ன செய்தார்? மற்றவரும் பதினெட்டு முறை நடந்து பெறட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. கோபுரத்தின் மேலேறி, கூடிய அடியார்களுக்கெல்லாம் உரைத்தார் என்று உலகம் வழங்குகிறது. அவருக்கு முன்னிருந்த ஆசார்யர்கள் சீடனை நெடுநாள் சோதித்து, ஒருவர் ஒருவருக்கு என்ற முறையில் உபதேசித்து வந்தார்கள். எம்பெருமானார் அந்த வரம்பைத் தளர்த்தி, ஆசை உடையவர்களுக்கெல்லாம் சொல்லலாம் என்று நியமித்தார். இதை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் கொண்டாடியிருக்கிறார். கவனிக்க வேண்டும்: பிறந்த குலத்தை அவர் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை, புத்தியின் கூர்மையைக் கேட்கவில்லை. ஆசை ஒன்றைக் கேட்டார். தாம் நடந்த நடையை மற்றவர்களுக்கு மிச்சப்படுத்தினார். ஆசையை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. அதை ஒருவருக்காக மற்றொருவர் கொள்ள முடியாதன்றோ?

மணலால் கட்டிய அணை

ஆசை என்றால் எல்லா ஆசையும் ஆகுமா? ஆகாது. மஹாபாரதம் வனபர்வத்தில் யவக்ரீதன் கதை வருகிறது. பரத்வாஜரின் புதல்வனான அவன், குருவிடம் இருந்து அத்யயனம் செய்யாமலே வேதங்கள் தனக்கு விளங்க வேண்டும் என்று கடுந்தவம் புரிந்தான். இந்திரன் தடுத்தும் கேட்கவில்லை. ஒரு நாள் அவன் நீராட வரும் கங்கைத் துறையில் முதிய அந்தணர் ஒருவர் கைப்பிடி கைப்பிடியாக மணலை நீரில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர் என்று கேட்டான். கங்கையைக் கடக்க அணை கட்டுகிறேன் என்றார். ஓடும் வெள்ளத்தில் மணல் நிற்குமா என்று சிரித்தான். உன் தவமும் இத்தகையதே என்றார், முதியவர் வேடத்தில் வந்த இந்திரன். அப்போதும் யவக்ரீதன் அடங்கவில்லை. பிடிவாதத்தால் வரம் பெற்றான், வரத்தால் செருக்குற்றான், செருக்கால் தகாதது செய்து மாண்டான்.

கற்க வேண்டும் என்ற ஆசை வேறு. கற்றவன் என்று பெயர் பெற வேண்டும் என்ற ஆசை வேறு. முன்னதற்குப் பாதை இனிக்கும். பின்னதற்குப் பாதை சுமையாகத் தோன்றும். ராமாநுஜருக்குப் பதினெட்டு முறை நடக்கக் கால்கள் இருந்தன. யவக்ரீதனுக்கு ஒரு முறை குருவின் முன் உட்காரப் பொறுமை இல்லை. நம் ஆசை எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய ஒரு வழி உண்டு. பாடம் முடிந்தபோது மகிழ்கிறோமா, பாடம் நடக்கும்போது மகிழ்கிறோமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் போதும்.

எல்லாம் அவன் அருளாயின்?

இங்கே ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்கலாம். “எல்லாம் எம்பெருமான் க்ருபையால் நடப்பவை அன்றோ? நம் முயற்சியை விட்டொழிப்பதன்றோ சரணாகதி? அப்படியிருக்கத் தன்முயற்சியைப் புகழ்வது எங்ஙனே?”

மோக்ஷத்துக்கு உபாயம் எம்பெருமானே என்பதில் ஐயமில்லை. நம் ஆசை அவன் அருளுக்குக் கொடுக்கும் விலை ஆகாது. ஆயினும் ஆத்மா என்பது கல்லும் மண்ணும் போன்ற ஜடமன்று; அறிவுள்ள வஸ்து. தனக்கு நன்மை கிடைக்கும்போது அதை விரும்பி ஏற்பது அறிவுள்ள வஸ்துவின் இயல்பு. கல்லின் மேல் பெய்யும் மழையும் மழையே. வயலில் பெய்யும் மழையும் மழையே. உழுத நிலம் வாங்கிக்கொள்கிறது. உழவன் உழுததனால் மேகம் வந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் உழாதவன் வீட்டில் நெல் இராது. அந்த உழவுக்கான ஏரும் எருதும் கூட அவன் தந்தவையே என்று உணர்ந்தவனுக்கு, முயற்சி அஹங்காரமாக மாறாது. நாதமுனிகள் 12,000 முறை அநுஸந்தித்தார். நாலாயிரம் கிடைத்தபோது ஆழ்வார் தந்தார் என்றே கொண்டார்.

தூதுவளைக் கீரை

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு ஆசை இல்லையே, என் செய்வது என்று பலர் அடியேனிடம் கேட்கிறார்கள். அடித்துத் திருத்தலாம் என்று சிலரும், பணம் பரிசு என்று காட்டி இழுக்கலாம் என்று சிலரும் எண்ணுகிறார்கள். நம் ஆசார்யர் ஒருவர் வேறு வழி காட்டியிருக்கிறார்.

நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார். இளம் பிராயத்தில் வாதப்போரில் வென்று அரச போகம் பெற்று, அதிலேயே ஆழ்ந்திருந்தார். பாட்டனார் ஈட்டிய ஞானச் செல்வத்தை அவரிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பு மணக்கால் நம்பிக்கு இருந்தது. அரண்மனையில் நுழைவதோ அரிது. நம்பி என்ன செய்தார்? ஆளவந்தாருக்கு மிகவும் பிடித்தமான தூதுவளைக் கீரையை நாள்தோறும் பறித்து மடைப்பள்ளியில் கொடுத்து வந்தார். ஆறு மாதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு சில நாள் கொடுப்பதை நிறுத்தினார். கீரை ஏன் வரவில்லை என்று ஆளவந்தாரே கேட்டார். கொடுத்து வந்தவர் யார் என்று அறிந்து வரவழைத்தார். கேள்வி அவரிடமிருந்து பிறந்தது. அதன் பின்பே நம்பி கீதையைச் சொல்லத் தொடங்கினார். முடிவில் திருவரங்கம் அழைத்துச் சென்று, உம் பாட்டனார் வைத்த நிதி இதுவே என்று பெரியபெருமாளைக் காட்டிக்கொடுத்தார்.

ஆசையை ஊட்ட முடியாது. ஆனால் அது பிறக்கும் வரை அன்போடு அருகில் இருக்க முடியும். வீட்டில் தகப்பனார் நாள்தோறும் ஒரு பாசுரமாவது ஸேவித்தால், ஒரு நாள் குழந்தை “இது என்ன, அப்பா?” என்று கேட்கும். அன்று சொல்ல நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தாம் ஒருபோதும் ஏடு தொடாமல் குழந்தையை மட்டும் பாடசாலைக்கு விரட்டுவது கீரை கொடாமலே கேள்வியை எதிர்பார்ப்பதாகும்.

காலம் கடந்துவிட்டதா?

பழைய சுபாஷிதம் ஒன்று கல்வியை நாலு பங்காகப் பிரிக்கிறது. கால் பங்கு ஆசார்யனிடமிருந்து கிடைக்கும். கால் பங்கைத் தன் புத்தியால் மாணவன் தானே பெற வேண்டும். கால் பங்கு உடன் கற்பவர்களால் வரும். மீதிக் கால் பங்கு காலம் செல்லச் செல்ல விளங்கும் என்பது அதன் கருத்து. இதைச் சிந்தித்தால் வயது முதிர்ந்தவர் சோர்வதற்குக் காரணமில்லை. காலம் தரும் பங்கு அவர்களிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. துக்கமும் நஷ்டமும் கண்டவர்க்குச் சரணாகதியின் பொருள் பாலகரைவிட விரைவில் புரியும்.

அடியேன் கண்ட ஒரு பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிறுவர்களோடு அமர்ந்து சந்தை சொல்லத் தொடங்கினார். ஆசிரியர் ஒரு முறை சொல்ல மாணவர் இரு முறை சொல்வது சந்தை முறை. சிறுவர்கள் இரு முறையில் பிடித்ததை அவர் இருபது முறை சொல்ல வேண்டியிருந்தது. சிறுவர்கள் சிரித்ததும் உண்டு. அவர் வருந்தவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பாசுரத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் முணுமுணுப்பார். திருப்பாவை முப்பதும் அவருக்கு ஓராண்டில் வந்தது. சிரித்த சிறுவர்களில் சிலர் பிறகு பாடம் மறந்த இடத்தில் அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இன்று நூல்களுக்குப் பஞ்சமில்லை. மூலமும் உரையும் அச்சில் கிடைக்கின்றன. கைபேசியைத் திறந்தால் பெரியோர்களின் உபந்யாஸங்கள் வீட்டுத் திண்ணைக்கே வருகின்றன. திருக்கோட்டியூருக்கு நடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் கோஷ்டிகளில் ஆள் குறைந்து வருவதை ஊர்தோறும் காண்கிறோம். வசதி குறைந்த காலத்தில் ஆசை மிகுந்திருந்தது. வசதி மிகுந்த காலத்தில் ஆசை குறைந்துவிட்டது என்று எதிர்காலம் நம்மைச் சொல்லும்படி வைத்துக்கொள்ளலாகாது. நாலாயிரம் ஒரு முறை மறைந்து மீண்டது. மறைந்ததற்குக் காரணம் ஏடுகள் அழிந்தது மட்டுமன்று. கேட்பார் இல்லாமற் போனதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆகையால் பாகவதர்களே, இத்திருநாளிலிருந்து வீடு திரும்பும்போது ப்ரஸாதத்தோடு ஒரு பாசுரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எது உங்கள் மனத்தை நிறுத்தியதோ, அதையே கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அதைச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் சோராமல் தொடருங்கள். பொருள் விளங்காத சொல் ஒன்று இருந்தால் அறிந்தவரைத் தேடிச் சென்று வணங்கிக் கேளுங்கள். முதல் முறை விடை கிடைக்காவிடில் பதினெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததை அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஆண்டாள் நாச்சியாரும் தான் விழித்ததோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று தோழிகளை எழுப்பினாள் அன்றோ? அடுத்த ஆண்டு இத்திருநாளுக்கு வரும்போது, கோஷ்டியார் ஸேவிக்கும் பாசுரங்களுள் ஒன்று உங்களுக்குப் புதிதாயிராமல், பழகிய உறவாகக் காதில் விழட்டும்.

ஆசையைத் தருபவனும் அவனே; அதை நிறைவேற்றுபவனும் அவனே. நடுவே நாம் செய்ய வேண்டியது, வந்த ஆசையை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து உட்கார வைப்பதே. அனைவருக்கும் அவ்வாசை பெருகும்படி எம்பெருமானும் பிராட்டியும் திருவுள்ளம் பற்றுவார்களாக.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.
சுபமஸ்து.